பவுண்டு, ஸ்லக், டன்: விடை எத்தனை மடங்கு பிசகியிருக்கிறது என்று பார்த்துப் பிழையைப் பிடிப்பது

இம்பீரியல் அலகில் (அடி, பவுண்டு முறையில்) வந்த வரைபடத்தையோ டேட்டா ஷீட்டையோ வைத்துக் கணக்குப் போட்டு விடை இடிக்கிறது என்றால், ஃபார்முலாவை ஒவ்வொரு வரியாகத் துருவ உடனே உட்கார வேண்டாம். வந்த விடையை, வந்திருக்க வேண்டிய விடையால் முதலில் வகுத்துப் பாருங்கள். நிறை அலகில் நடக்கும் பிழைகள் ஒவ்வொன்றும் தனக்கென ஒரு எண்ணை விட்டுவிட்டுப் போகும். 32.17 என்றால் ஒரு காரணம், 386 என்றால் இன்னொன்று, 1.12 என்றால் முற்றிலும் வேறு. இதே கோளாறுகளைத் திரும்பத் திரும்பச் சரிசெய்து பழகியதால், யாராவது ஷீட்டை அனுப்பினால் அதைத் திறப்பதற்கு முன்பே "எத்தனை மடங்கு தப்பு?" என்றுதான் கேட்கிறேன்.

சரியான விடை எது என்றே தெரியவில்லையா? அப்போது விடை தெரிந்த ஒரு பொருளை அதே ஷீட்டில் ஓட்டிப் பாருங்கள். பக்கத்துக்கு ஒரு அடி உள்ள எஃகுக் கட்டி இதற்கு நல்லது: அது சுமார் 490 பவுண்டு, 15.2 ஸ்லக் (இதுவும் இம்பீரியல் முறையின் ஒரு நிறை அலகுதான், கீழே வருகிறது), 222 கிலோ. தண்ணீர் என்றால் கன அடிக்கு 62.4 பவுண்டு, அதாவது 1.94 ஸ்லக். இந்த எண்களை ஒரு மூலையில் எழுதி வைத்துக்கொண்டால் கீழே வரும் பாதி சோதனைகளுக்கு அதுவே போதும்.

## அறிகுறி: விடை 32 மடங்கு பெரிதாகவோ சிறிதாகவோ வருகிறது

அதிகம் வருவது இதுதான். பவுண்டு என்ற ஒரே பெயர் நிறைக்கும் ஓடுகிறது, விசைக்கும் ஓடுகிறது. ஒரு பவுண்டு நிறையை ஒரு பவுண்டு விசை தள்ளினால் முடுக்கம் 32.174 அடி/வினாடி². ஒரு ஸ்லக்கைத் தள்ளினால்தான் 1 அடி/வினாடி². ஆகவே 1 ஸ்லக் = 32.174 பவுண்டு = 14.594 கிலோ.

### விசை, ஆற்றல், அழுத்தம் 32 மடங்கு பெரிது

பவுண்டு நிறையை அப்படியே நிறை × முடுக்கம் என்ற வாய்ப்பாட்டில் போட்டிருக்கிறீர்கள். 100 பவுண்டுப் பொருளை 10 அடி/வினாடி² முடுக்க 1,000 பவுண்டு விசை வேண்டும் என்று ஷீட் சொல்லும், உண்மையில் 31.08 போதும். அந்த 1,000 என்பது பவுண்டல் என்ற அலகில் சரியான விடைதான், ஆனால் பவுண்டலில் யாரும் போல்ட் வாங்குவதில்லை, மோட்டார் தேர்ந்தெடுப்பதில்லை. நிறையை 32.174-ஆல் வகுத்து ஸ்லக்காக்கிய பிறகு வாய்ப்பாட்டில் போடுங்கள்.

குழாய்க் கணக்கில் இதே பிழை வேறு முகத்தோடு வரும். தண்ணீர் 10 அடி/வினாடி வேகத்தில் ஓடும்போது அதன் இயக்க அழுத்தம் சதுர அடிக்கு சுமார் 97 பவுண்டு, அதாவது 0.67 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்குப் பவுண்டு). அடர்த்தி 62.4 என்று நேராகப் போட்டால் 3,120 வரும், அது 21.7 பிஎஸ்ஐ. வேகம் மிதமாக இருக்கும்போதே பம்ப் அளவு வீங்கிப் போய் நிற்கிறது என்றால் முதலில் பார்க்க வேண்டிய இடம் அடர்த்தி வரிதான்.

### எடை 32 மடங்கு பெரிது

பவுண்டில் இருக்கும் நிறையை 32.174-ஆல் பெருக்கி எடை கண்டுபிடித்திருக்கிறீர்கள். பூமியில் 100 பவுண்டு நிறையின் எடை 100 பவுண்டு விசை, அவ்வளவுதான். பெருக்க வேண்டியது ஸ்லக்கில் இருந்தால் மட்டும். கிலோவை 9.81-ஆல் பெருக்கி நியூட்டன் எடுத்துப் பழகியவர்களுக்கு இது கை தன்னால் செய்கிற வேலை.

### விசை 32 மடங்கு சிறிது

இரண்டு பேர் தொட்ட ஷீட்டில் இது சகஜம். ஒருவர் நிறையை ஏற்கெனவே ஸ்லக்குக்கு மாற்றி வைத்திருப்பார், அடுத்தவர் பாதுகாப்புக்காக வாய்ப்பாட்டிலும் 32.174-ஆல் வகுத்திருப்பார். ஜி-சி என்ற பெயரில் ஒரு மாறிலி (பவுண்டு நிறையையும் பவுண்டு விசையையும் இணைக்கும் அதே 32.174) எங்காவது இருக்கிறதா என்று தேடுங்கள். அது இருந்தால் நிறை பவுண்டில் இருக்க வேண்டும், ஸ்லக்கில் இருந்தால் அந்த மாறிலியே வேண்டாம். இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து ஷீட் முழுக்க அதையே வையுங்கள். என் கருத்து, ஸ்லக் பக்கம் போவது நல்லது. ஒரே இடத்தில் மாற்றிவிட்டு மற்ற வாய்ப்பாடுகளைத் தொடாமல் விடலாம்.

### ரெனால்ட்ஸ் எண் 32 மடங்கு பிசகு

இதைத் தனியாகச் சொல்லக் காரணம் இருக்கிறது. குழாயில் ஓட்டம் சீரானதா கொந்தளிப்பானதா என்று சொல்லும் ரெனால்ட்ஸ் எண்ணுக்கு அலகு கிடையாது, அதனால் விடையைப் பார்த்து யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். பிழை பிசுக்குமை (விஸ்காசிட்டி) அட்டவணையில் ஒளிந்திருக்கும். 68 டிகிரி பாரன்ஹீட்டில் தண்ணீரின் பிசுக்குமை, பவுண்டு நிறை/(அடி·வினாடி) என்ற அலகில் சுமார் 0.00067, பவுண்டு விசை·வினாடி/அடி² என்ற அலகில் சுமார் 0.000021. முதல் எண்ணோடு 62.4 சேர வேண்டும், இரண்டாவதோடு 1.94 சேர வேண்டும். முதல் எண்ணோடு 1.94-ஐச் சேர்த்துவிட்டால், 50,000 ஆக இருக்க வேண்டிய ரெனால்ட்ஸ் எண் சுமார் 1,550 என்று வந்து, கொந்தளிப்பான ஓட்டத்தைச் சீரான ஓட்டம் என்று காட்டிவிடும். அதற்கப்புறம் உராய்வுக் கெழுவுக்கு எடுக்கும் வாய்ப்பாடே வேறாகிப் போவதால், கடைசியில் வரும் அழுத்த இழப்பில் 32 என்ற தடயம் இருக்காது. அதனால் ரெனால்ட்ஸ் எண்ணைத் தனி செல்லில் காட்டும்படி ஷீட்டை வையுங்கள், உள்ளே புதைக்க வேண்டாம்.

விகிதம் 1,035 என்று வந்தால் இது இரண்டு முறை நடந்திருக்கிறது: 32.174 × 32.174.

## அறிகுறி: சிமுலேஷனில் எடை சரி, அதிர்வெண் மட்டும் அபத்தமாக இருக்கிறது

அங்குலத்தில் வரைந்த மாடலில் விசை பவுண்டு, நேரம் வினாடி என்று வைத்தால், அதற்குப் பொருந்தும் நிறை அலகு பவுண்டும் இல்லை ஸ்லக்கும் இல்லை. அது பவுண்டு விசை·வினாடி²/அங்குலம். சிலர் ஸ்லிஞ்ச் என்பார்கள், சிலர் பிளாப் என்பார்கள். 1 ஸ்லிஞ்ச் = 12 ஸ்லக் = 386.09 பவுண்டு = 175.13 கிலோ. மென்பொருள் எதுவும் இதைக் கேட்காது, நீங்கள் கொடுத்த எண்ணை அப்படியே எடுத்துக்கொள்ளும்.

அதிர்வெண் நிறையின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது என்பதால் இங்கே தடயமும் வர்க்கமூலமாகத்தான் வரும்:

- 19.65 மடங்கு குறைவு: பவுண்டு அடர்த்தியை அப்படியே போட்டிருக்கிறீர்கள் (386.09-இன் வர்க்கமூலம்).
- 19.65 மடங்கு அதிகம்: 386-ஆல் இரண்டு முறை வகுத்திருக்கிறீர்கள்.
- 5.67 மடங்கு: அடி மாடலில் பவுண்டு–ஸ்லக் குழப்பம்.
- 3.46 மடங்கு: அங்குல மாடலில் ஸ்லக்கை ஸ்லிஞ்ச் என்று போட்டது, அல்லது அதன் தலைகீழ்.

சோதிக்கும் வரிசை இப்படி இருக்கட்டும். முதலில் மென்பொருளிடம் மாடலின் மொத்த நிறையைக் கேளுங்கள், அதை 386.09-ஆல் பெருக்குங்கள், கையால் கணக்கிட்ட பவுண்டு எடையோடு ஒப்பிடுங்கள். ஒத்துப்போனால் நிறையில் கோளாறு இல்லை, விறைப்பிலோ தாங்கிகளிலோ தேடுங்கள். ஒத்துப்போகவில்லை என்றால் அடர்த்தியைப் பாருங்கள். அங்குல மாடலில் எஃகுக்கு சுமார் 0.000735 இருக்க வேண்டும், 0.284 இருந்தால் அது கன அங்குலத்துக்குப் பவுண்டு. அப்புறம், நாஸ்ட்ரான் வகை மென்பொருளில் டபிள்யூடிமாஸ் என்ற பாராமீட்டர் இருக்கிறதா என்று பாருங்கள். அது 0.00259 என்றிருந்தால் (386.09-இன் தலைகீழ்) அடர்த்தி பவுண்டில் இருப்பதுதான் சரி, ஏனென்றால் வகுக்கும் வேலையை அதுவே செய்கிறது. அது எல்லா நிறைக்கும் சேர்த்துத்தான் வேலை செய்யும், தனியாக ஒரு புள்ளியில் வைத்த மோட்டாரின் நிறைக்கும் கூட. அடர்த்தியைப் பவுண்டில் விட்டு மோட்டாரை மட்டும் ஸ்லிஞ்சில் கொடுத்திருந்தால் மோட்டார் காணாமலே போய்விடும், அப்போது மேலே சொன்ன எந்த விகிதமும் வராது.

இந்தப் பிழை நீண்ட நாள் மறைந்திருப்பதற்கு ஒரு வழி உண்டு. அடர்த்தியைப் பவுண்டில் போட்டு, புவியீர்ப்பை 386.09-க்குப் பதில் 1 என்று கொடுத்தால் தன்னெடையால் வரும் வளைவும் தகைவும் சரியாகவே வரும். இரண்டு தப்பும் ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும். நிலை ஆய்வு மட்டும் செய்தவர் மாடலை நல்ல மாடல் என்று கையளிப்பார், அதிர்வு ஆய்வு செய்பவர் மாட்டிக்கொள்வார். கைக்கு வந்த மாடலில் புவியீர்ப்பு 1 என்று இருந்தால் அதை முதலில் திருத்துங்கள்.

எப்போது நிபுணரிடம் போவது: மொத்த நிறை கையால் போட்ட கணக்கோடு ஒத்துப்போய், புவியீர்ப்பும் சரியாக இருந்து, அதிர்வெண் மட்டும் இன்னும் இடித்தால் அது அலகுப் பிரச்சினை இல்லை. சிமுலேஷன் ஆய்வாளரிடம் மாடலைக் கொடுத்துவிடுங்கள். நிலநடுக்கம், சுழலும் இயந்திரம் சம்பந்தப்பட்ட அறிக்கை ஏற்கெனவே கையொப்பமாகி வெளியே போயிருந்தால், பிழையைக் கண்ட அன்றே கையொப்பமிட்டவருக்குச் சொல்லியாக வேண்டும்.

## அறிகுறி: 2.2 மடங்கு அல்லது 0.45

பவுண்டு–கிலோ. 1959-இல் அமெரிக்கா, பிரிட்டன், கனடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாப்பிரிக்கா ஆகியவை ஒத்துக்கொண்டபடி 1 பவுண்டு = 0.45359237 கிலோ, துல்லியமாக. மாற்றாமல் விட்டிருந்தால் 2.2046 வரும்.

இங்கே பெரும்பாலும் நிறை சரியாக மாறியிருக்கும், மாறாமல் கிடப்பது அடர்த்தி. 1983 ஜூலை 23 அன்று ஏர் கனடாவின் 143-ஆம் விமானத்துக்கு, அது ஒரு போயிங் 767, நடந்தது இதுதான். பயணத்துக்கு 22,300 கிலோ எரிபொருள் வேண்டும், டேங்கில் 7,682 லிட்டர் இருக்கிறது. லிட்டருக்கு சுமார் 0.8 கிலோ என்று பெருக்க வேண்டிய இடத்தில் 1.77 என்று பெருக்கினார்கள், அது லிட்டருக்கு எத்தனை பவுண்டு என்பதற்கான எண். சுமார் 20,000 லிட்டர் ஏற்ற வேண்டியதற்கு 5,000 லிட்டருக்கும் குறைவாக ஏற்றிக் கிளம்பி, நடுவானில் இரண்டு இன்ஜினும் நின்று, கிம்லி என்ற இடத்தில் பழைய விமானப்படை ஓடுதளத்தில் மிதந்தபடியே இறக்கினார்கள். எல்லோரும் உயிர் தப்பினார்கள். பெருக்கல் கூட்டல் எதிலும் தவறு இல்லை. ஒரு மாறிலியின் பக்கத்தில் அலகு இல்லை, அவ்வளவுதான். உங்கள் ஷீட்டில் வெறும் எண்ணாக நிற்கும் ஒவ்வொரு அடர்த்திக்கும் பக்கத்துச் செல்லில் அலகை எழுதுங்கள்.

விகிதம் 4.86 என்றால் இரண்டு முறை மாற்றிவிட்டீர்கள். ஆனால் 4.88 என்றால் அவசரப்பட வேண்டாம்: சதுர அடிக்குப் பவுண்டு என்பதைச் சதுர மீட்டருக்குக் கிலோ ஆக்கும் சரியான பெருக்கு எண் 4.882. தரைச்சுமைக் கணக்கில் இந்த இரண்டும் அருகருகே நின்று ஏமாற்றும், மூன்றாவது இலக்கம் வரை பார்த்தே ஆக வேண்டும்.

## அறிகுறி: 1.6 முதல் 12 சதவீதம் வரை இடிக்கிறது

நான் அதிகம் பயப்படுவது இதற்குத்தான். 32 மடங்கு தப்பு கண்ணை உறுத்தும். 10 சதவீதம் தப்பு யார் கண்ணிலும் படாமல் அனுமதிக் கையெழுத்து வரை போய்விடும். காரணம் அநேகமாக டன்.

- ஷார்ட் டன்: 2,000 பவுண்டு, 907.18 கிலோ
- மெட்ரிக் டன்: 1,000 கிலோ, 2,204.6 பவுண்டு
- லாங் டன்: 2,240 பவுண்டு, 1,016.05 கிலோ

விகிதம் 1.016 என்றால் லாங்–மெட்ரிக், 1.102 என்றால் மெட்ரிக்–ஷார்ட், 1.12 என்றால் லாங்–ஷார்ட். 1.12 ஹண்ட்ரட்வெயிட்டிலும் வரும், அமெரிக்காவில் அது 100 பவுண்டு, பிரிட்டனில் 112.

எந்த டன் என்று கண்டுபிடிக்க, ஆவணத்திலேயே வேறொரு அலகில் அதே எண் எங்காவது இருக்கிறதா என்று முதலில் தேடுங்கள். அட்டவணையின் அடிக்குறிப்பில் பவுண்டு எண் இருந்தால் வகுத்துப் பார்த்து முடித்துவிடலாம். இல்லையென்றால் பிறந்த இடம்: அமெரிக்கத் தொழிற்சாலை ஆவணம் என்றால் பெரும்பாலும் ஷார்ட், பழைய பிரிட்டிஷ் ஆவணம் என்றால் லாங். கப்பல் மட்டும் விதிவிலக்கு. அமெரிக்கப் போர்க்கப்பலின் இடப்பெயர்ச்சி (கப்பல் விலக்கும் நீரின் எடை) கூட லாங் டன்னில் வரும். 1922 வாஷிங்டன் கடற்படை ஒப்பந்தம், டன் என்றால் 2,240 பவுண்டு என்று தனியாக ஒரு வரையறையே எழுதி வைத்தது. உங்கள் ஆவணமும் அதைச் செய்திருக்கிறதா என்று பாருங்கள். மூன்றாவது இடம் ஷீட்டேதான்: எக்செலின் கன்வெர்ட் ஃபங்ஷனில் வெறும் டன் என்ற குறியீடு ஷார்ட் டன், அதை மெட்ரிக் என்று நினைத்துப் போட்டவர்கள் ஏராளம்.

கிரேன் பலகையில் 50 டன் என்று இருந்து அது ஷார்ட் டன் என்றால் உண்மையான அளவு 45.36 மெட்ரிக் டன். 48 மெட்ரிக் டன் சுமை "உள்ளே அடங்குகிறது" என்று நினைத்துத் தூக்கினால் கிட்டத்தட்ட 6 சதவீதம் மிகைச்சுமை.

எப்போது நிறுத்துவது: தூக்கும் வேலையில் எந்த டன் என்பது எழுத்தில் உறுதியாகவில்லை என்றால் தூக்கக் கூடாது. ஊகித்து, மிகச் சிறிய டன்னை எடுத்துக்கொண்டு "பாதுகாப்பாக" போகலாம் என்று தோன்றும். கிரேன் திறனுக்குச் சிறியது பாதுகாப்பு, சுமைக்குப் பெரியது பாதுகாப்பு, அவசரத்தில் இது தலைகீழாகிவிடும். தூக்குப் பணிப் பொறியாளரிடம் கொடுங்கள், அல்லது சுமையை எடைபோடுங்கள்.

இடிப்பு 20 சதவீதம் என்றால் அது கேலன்: தண்ணீர் அமெரிக்க கேலனுக்கு 8.34 பவுண்டு, இம்பீரியல் கேலனுக்கு சுமார் 10. எந்த விகிதமும் அர்த்தமாகவில்லை, ஆனால் டன் என்று எழுதியிருக்கிறது என்றால், அது நிறையே இல்லாமல் இருக்கலாம். குளிரூட்டும் டன் என்பது மணிக்கு 12,000 பிடியூ வெப்பம், பதிவு டன் என்பது 100 கன அடி கொள்ளளவு.

## அறிகுறி: அவுன்ஸ், கிரெய்ன் வரும் இடங்களில் பிசகு

9.7 சதவீதம் என்றால் டிராய் அவுன்ஸ் (31.103 கிராம்) சாதாரண அவுன்ஸோடு (28.350 கிராம்) கலந்துவிட்டது. 5 பவுண்டு 8 அவுன்ஸை 5.8 பவுண்டு என்று தட்டினால் வருவது சிறிய, எண்ணுக்கு எண் மாறும் பிழை; உண்மையில் அது 5.5 பவுண்டு. மாறிக்கொண்டே இருப்பதால் விகிதம் உதவாது, மூலப் பதிவுகளைப் பாருங்கள். ஈரப்பதக் கணக்கில் 7,000 மடங்கு என்றால் கிரெய்னை மாற்றவில்லை: ஒரு பவுண்டில் 7,000 கிரெய்ன். சர்க்யூட் போர்டில் "1 அவுன்ஸ் செம்பு" என்பது சதுர அடிக்கு ஒரு அவுன்ஸ், தடிமன் சுமார் 35 மைக்ரான். அதை மொத்த நிறை என்று எடுக்க வேண்டாம்.

## அறிகுறி: 9.8 அல்லது 4.45 மடங்கு

மெட்ரிக் பக்கம் போய்ச் சேரும்போது நிறையும் விசையும் கலந்துவிட்டன. 100 பவுண்டு விசையை 45.36 என்று மாற்றி நியூட்டன் என்று எழுதினால் 9.81 மடங்கு குறையும், சரியானது 444.8. மாற்றவே இல்லை என்றால் 4.45. 1999 செப்டம்பர் 23 அன்று நாசா இழந்த மார்ஸ் கிளைமேட் ஆர்பிட்டரின் கணக்கில் இருந்தது இந்த 4.45-தான்: உந்துகை பவுண்டு விசை·வினாடியில் வந்தது, வாங்கிய மென்பொருள் நியூட்டன்·வினாடி என்று எடுத்துக்கொண்டது. இரண்டு குழுக்களுக்கு நடுவே ஃபைல் கைமாறும் இடத்தில்தான் இதைத் தேட வேண்டும்.

## அறிகுறி: அரை சதவீதத்துக்கும் கீழே, ஆனால் போகவே மாட்டேன் என்கிறது

0.21 சதவீதம் என்றால் யாரோ 2.2046-க்குப் பதில் 2.2 என்று போட்டிருக்கிறார்கள். 100 மெட்ரிக் டன்னில் அது 462 பவுண்டு. 0.08 என்றால் 32.174-க்குப் பதில் 32.2, 0.09 என்றால் 0.45359237-க்குப் பதில் 0.454. முழு எண்ணைப் போட்டதும் போய்விடும்.

போகவில்லை என்றால் தராசு. தராசுக்குள் இருக்கும் லோட் செல் என்ற உணரி அளப்பது விசையை, அதை நிறையாகக் காட்டுகிறது; புவியீர்ப்பு நிலநடுக்கோட்டில் 9.780, துருவத்தில் 9.832 என்பதால், ஓரிடத்தில் சரிசெய்த தராசைத் தொலைவில் வேறு அட்சரேகைக்குக் கொண்டுபோனால் பிசகும். தெரிந்த எடைக்கல்லை வைத்துப் பாருங்கள். அதிலும் அதே அளவு இடித்தால் அளவுத்திருத்த ஆய்வகத்துக்கு அனுப்புங்கள், ஷீட்டில் ஒரு திருத்தக் காரணியைச் சேர்த்து ஒப்பேற்ற வேண்டாம்.

## எந்த எண்ணோடும் பொருந்தவில்லை

இரண்டு பிழைகள் பெருகியிருக்கலாம். 70.9 என்றால் 32.174 × 2.2046. 14.59 என்றால் ஸ்லக்கைக் கிலோ என்று எடுத்தது. 1,728 அல்லது 144 வந்தால் நிறை சரி, அங்குலம்–அடி தப்பு. விகிதத்தை 12, 32.174, 2.2046 ஆகியவற்றால் மாறி மாறி வகுத்து, 1-க்கு அருகே வருகிறதா என்று பாருங்கள்.

அதிலும் வரவில்லை என்றால் ஷீட்டை மூடிவிட்டு, தரவு கொடுத்தவரிடம் "இது நிறையா விசையா, எந்த பவுண்டு, எந்த டன்" என்று எழுத்தில் கேளுங்கள். பதில் வரும் வரை அந்த எண்ணை வைத்து எதையும் ஆர்டர் செய்ய வேண்டாம்.